திரும்பி வரும் வழி

பாம்பனுக்கு அருகே ஒரு கடற்கரைக் கிராமத்தில் வசிக்கும் என் சிநேகிதர் ஒருவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஒரு நாட்டுப் படகையும், அதன் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடுவதற்கென்று முப்பது வயது தாண்டிய ஒரு மோட்டாரையும் விலைக்கு வாங்கினார். வாங்கிய முதல் மாதத்தில் அந்த யந்திரம் சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் உறுமிக்கொண்டு எழுந்தது. இரண்டாம் மாதத்தில் முனகிக்கொண்டு எழுந்தது. மூன்றாம் மாதத்தில் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தத்தை மட்டும் எழுப்பிவிட்டு மௌன விரதம் பூண்டது. நண்பர் புதிய பேட்டரி வாங்கிப் பொருத்தினார். இரண்டு வாரம் ஓடியது. மறுபடியும் ‘டிக்’. செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பழுது பார்த்து மாட்டினார். பத்து நாள் ஓடியது. மறுபடியும் ‘டிக்’. வாங்கின பேட்டரியே சரியில்லை என்று முடிவு கட்டி, அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் வாங்கினார். படகுக்குக் கண் பட்டுவிட்டது என்று அவருடைய மனைவி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டதை நண்பர் ஆட்சேபிக்கவில்லை. அதற்குள் அவருடைய பகுத்தறிவும் பேட்டரியைப் போலவே இறங்கிப் போயிருந்தது.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. யந்திரத்துக்கு வரும் மற்ற வியாதிகள் பெரும்பாலும் நம் புலன்களுக்கு எட்டுகிறவை. பெட்ரோல் கசிந்தால் மூக்குச் சொல்லும். குளிர்விக்கும் தண்ணீரின் வழி அடைத்துக்கொண்டால் தொட்ட கை சொல்லும். பேரிங் தேய்ந்தால் காது சொல்லும். மின்சாரம் ஒன்றுதான் கண்ணுக்குப் படாமல் வந்து, கண்ணுக்குப் படாமலே போய்விடுகிறது. ஆகையால் அதை ஊகத்தினால் பிடிக்கப் பார்க்கிறோம். ஊகம் என்று வந்துவிட்டாலோ, கடையில் விற்கிற ஒவ்வோர் உறுப்பும் குற்றவாளியாகத் தோன்றத் தொடங்கிவிடுகிறது. உண்மையில், பழைய படகு மோட்டாரின் மின்சார அமைப்பு மிகச் சொற்பமான உறுப்புகளைக் கொண்டது. இன்றைய யந்திரங்களைப் போல அதற்குள் கணினி கிடையாது. நுண்ணுணர் கருவிகள் கிடையாது. ஒரு மல்டிமீட்டரும், ஒரு ஸ்பானர் செட்டும், அவசரப்படாத சுபாவமும் உடையவர் எவரும் அதன் சூட்சுமத்தை ஒரே பிற்பகலில் கற்றுக்கொண்டுவிடலாம்.

முதலில் அறிய வேண்டியது, அந்த யந்திரத்துக்குள் ஒன்றல்ல, இரண்டு மின்சாரங்கள் குடியிருக்கின்றன என்பது. காந்தம் ஒன்று கம்பிச் சுருளுக்கு அருகே அசைந்தால் அச்சுருளில் மின்சாரம் பிறக்கும் என்ற உண்மையை இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே 1831-ல் கண்டறிந்தார். அந்தத் தத்துவத்தையே ஆதாரமாகக் கொண்டு, சிலிண்டருக்குள் பொறி தெறிக்கச் செய்யும் உயர் அழுத்த மாக்னெட்டோவை, ஜெர்மனியில் ராபர்ட் பாஷின் தொழிற்சாலையில் காட்லோப் ஹோனோல்ட் என்ற பொறியாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், மில்வாக்கி நகரில் 1909-ல் படகின் பின்புறம் மாட்டும் மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் வழியில் பின்னாளில் வந்த மோட்டார்கள், யந்திரத்தின் தலைமேல் சுழலும் கனத்த சக்கரத்திலேயே காந்தங்களைப் பதித்து, அதன் அடியில் காயில்களை ஒளித்துவைத்துக்கொண்டன. கயிற்றை இழுத்தால் சக்கரம் சுழலும். சக்கரம் சுழன்றால் பொறி பிறக்கும். பேட்டரி என்ற ஒன்று உலகத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இது முதலாவது மின்சாரம். இரண்டாவது, பேட்டரியிலிருந்து வந்து செல்ஃபைச் சுற்றுவது, விளக்கை எரிப்பது, ஹார்னை ஊதுவது. இவ்விரண்டும் ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு மூட்டிச் சமைக்கிற ஓரகத்திகளைப் போன்றவை. ஒருத்தியின் அடுப்பு அணைந்தால் மற்றவளின் சோறு நின்றுவிடுவதில்லை. படகின் உள்ளே பொருத்திய, மோட்டார் கார் வம்சத்து யந்திரங்களில் பொறியும் பேட்டரியிலிருந்தே வருவதுண்டு. அந்தக் கூட்டுக் குடும்பத்தின் கதை வேறு.

ஆகையால், சாவிக்கு மறுமொழி கிடைக்காதபோது செய்ய வேண்டிய முதல் பரீட்சைக்கு ஒரு காசும் செலவில்லை: கயிற்றைச் சுற்றி இழுத்துப் பார்ப்பது. இழுத்து ஓடினால் பொறி உண்டாக்கும் பாகம் முழுவதும் நிரபராதி என்று அக்கணமே தீர்ப்பாகிவிடுகிறது. என் நண்பரின் மோட்டார் இழுத்தால் ஓடியது. ஓடியும், இந்த உண்மையிலிருந்து எதை அனுமானிப்பது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

‘டிக்’ என்ற அந்தச் சத்தமும் அர்த்தமற்றதன்று. சாவியைத் திருப்பும்போது செல்லும் சிறு மின்னோட்டம், ரிலே என்னும் இணைப்பானை மூடுகிறது. மூடும் சத்தமே ‘டிக்’. எனவே சாவி நல்லது. சாவியின் ஒயர் நல்லது. கியர் நடுநிலையில் இருந்தாலொழிய மின்சாரத்தை விடாத அந்தக் காவல்கார சுவிட்சும் நல்லது. சிறு ஓட்டம் போகிறது, பேரோட்டம் போகவில்லை. இந்த வித்தியாசத்தில்தான் பழைய படகுகளின் மின்சார ரகசியத்தில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

ஏரி மதகின் குழாயில் சேறு அடைத்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். குழாயின் மறுமுனையை மூடிவைத்துவிட்டு அங்கே அழுத்தத்தை அளந்தால், சேற்றின் இடுக்கு வழியாகக் கசிந்து வந்த நீரே ஏரியின் முழு அழுத்தத்தையும் காட்டும். மூடியைத் திறந்துவிட்டாலோ, வயலுக்கு நூல் போல ஒரு தாரைதான் வரும். மின்கம்பியும் அப்படியே. நூறு இழைகளில் தொண்ணூற்றொன்பது அரித்துப்போய் ஒற்றை இழை மிஞ்சியிருந்தாலும், மீட்டரை வைத்தால் அது பன்னிரண்டரை வோல்ட் என்று நெஞ்சறியப் பொய் சொல்லும். கணக்கிட்டே பார்க்கலாம். முழுக்கச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் மோட்டார் சுற்றுவதற்குச் சுமார் 100 ஆம்பியர் கேட்கிறது. வழியிலுள்ள ஒரு மூட்டில், துரு ஏறிய காரணத்தால், ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு தடை ஏற்பட்டிருந்தால், ஓமின் விதிப்படி அந்த ஒரு மூட்டே 5 வோல்ட்டை விழுங்கிவிடும். மிச்சம் 7.6 வோல்ட்; அதைக்கொண்டு செல்ஃப் எப்படிச் சுழலும்? அந்த இருபதில் ஒரு பங்கைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையால் கண்டுபிடிக்கவும் முடியாது; மீட்டரின் ஒயர்களிலேயே அதைவிட அதிகமான தடை இருக்கிறது.

அப்படியானால் என்ன வழி? மின்சாரம் ஓடும்போதே அளப்பதுதான் வழி. மீட்டரை வோல்ட் அளவையில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்தின் மேலும், (கம்பத்தைக் கவ்வியிருக்கும் கிளாம்பின் மேலன்று, ஈயக் கம்பத்தின் மேலேயே) மற்றொரு முனையைச் செல்ஃப் மோட்டாரின் திருகின் மேலும் வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். வழி சுத்தமாக இருந்தால் மீட்டர் அரை வோல்ட்டைத் தாண்டாது. இரண்டு, மூன்று என்று ஏறினால், அத்தனை வோல்ட்டும் நடுவழியில் களவு போகிறது. பிறகு மீட்டர் முனையை ஒவ்வொரு மூட்டாக நகர்த்திக்கொண்டு வந்தால், களவு நடக்கும் இடம் தானே காட்டிக்கொடுக்கும். அதே சமயத்தில் பேட்டரியின் இரண்டு கம்பங்களுக்கும் குறுக்கே அளந்து பார்க்கையில், ஏறக்குறைய 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் பேட்டரியின் மேலேயே சந்தேகப்பட நமக்கு நியாயம் உண்டு.

நண்பரும் இதைச் செய்யாமலில்லை. யாரோ சொல்லக் கேட்டு, பாசிட்டிவ் பக்கத்தை மிகுந்த சிரத்தையோடு அளந்தார். அங்கே களவு இல்லை. எதிர்ப்பக்கத்தை அவர் அளக்கவே இல்லை. மின்சாரம் என்பது பேட்டரியிலிருந்து புறப்பட்டுச் செல்ஃபுக்குப் போய்ச் செலவழிந்துவிடுகிற ஒரு பொருள் என்றே நம்மில் பலர் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது செலவழிவதில்லை, போன அளவு அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். போகும் வழியில் எத்தனை ஆம்பியரோ, திரும்பும் வழியிலும் அத்தனை ஆம்பியர். அந்தத் திரும்பும் வழியைத்தான் மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்கிறார்கள். அதற்குச் சிவப்பு நிறம் இல்லை, ஃபியூஸ் இல்லை, சுவிட்சு இல்லை. யந்திரத்தின் உடம்பிலேயே எங்கோ ஒரு மூலையில், எண்ணெய்ப் பிசுக்குக்கும் உப்புக்கும் நடுவே, ஒரு போல்ட்டில் அது முடிந்துகிடக்கிறது. ஆகையால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

உப்புக் காற்றுக்கும் செம்புக்கும் உள்ள பகை பழையது. சைவ சித்தாந்திகள் ஆன்மாவைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பிலுள்ள களிம்பை உவமை சொல்வார்கள். படகு வைத்திருப்பவனுக்கு அந்த உவமையை விளக்க ஒரு பிரசங்கியும் தேவையில்லை. ஒயரின் வெட்டுவாயில் புகுந்த ஈரம், திரியில் எண்ணெய் ஏறுவது போல, இழைகளுக்கு இடையே ஊர்ந்து, மேலுறைக்கு அடியிலேயே வெகுதூரம் போய்விடுகிறது. வெளியே உறை புதுக்கருக்கு அழியாமல் இருக்கும். உள்ளே செம்பு கறுத்துப் பொடியாய் இருக்கும். அத்தகைய ஒயரின் நுனியை மட்டும் சுரண்டிவிட்டு மறுபடி முடுக்குவது வீண். பளபளக்கும் செம்பு கண்ணில் படுகிற வரையில் வெட்டிக்கொண்டே போக வேண்டும், படாவிட்டால் முழுதையும் மாற்ற வேண்டும். படகுக்கென்று விற்கும் ஒயரில் ஒவ்வோர் இழைக்கும் ஈயம் பூசியிருப்பார்கள். நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்க மாட்டார்கள் அல்லவா, அதே காரணம்தான். வீட்டு ஒயரை வாங்கிப் படகில் இழுப்பவர்கள், பூசாத பாத்திரத்தில் புளியைக் கரைக்கிறார்கள்.

இனி முதலாவது மின்சாரத்துக்கு வருவோம். கயிற்றை எத்தனை முறை இழுத்தும் யந்திரம் எழவில்லை என்றால், பெட்ரோலா, பொறியா என்ற வழக்கு எழுகிறது. பிளக்கைக் கழற்றினால் அதுவே பாதி சாட்சியம் சொல்லிவிடும்: நனைந்திருந்தால் பொறியைச் சந்தேகிக்கலாம், உலர்ந்திருந்தால் பெட்ரோலைச் சந்தேகிக்கலாம். பொறி இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பிளக்கை வெளியே வைத்து, அதன் சிறு இடைவெளியில் ஏதோ மினுக்கென்று தெரிந்ததும் திருப்தியடைந்துவிடுகிறார்கள், இது போதாது. திறந்த காற்றில் எளிதாகத் தாண்டும் பொறி, சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட காற்றில் தாண்ட மிக அதிகமான மின்னழுத்தம் வேண்டும். ஆகவே ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் இடைவெளி வைத்துப் பரீட்சிக்க வேண்டும். நல்ல மாக்னெட்டோவின் பொறி அதை நீல நிறமாக, ‘சடக் சடக்’கென்று தாண்டும். இதற்கென்றே ஒரு சிறு கருவி மலிவாகக் கிடைக்கிறது. ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு பரீட்சை செய்கிற வீரம் வேண்டாம்; பிளக் கழற்றிய துவாரத்திலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும் என்பதால், பொறியை அதற்குத் தூரத்திலேயே வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

பொறி அடியோடு இல்லையென்றால், சக்கரத்தைக் கழற்றும் முன் நிறுத்தும் பொத்தானின் ஒயரைக் கழற்றிவிட்டு ஒரு முறை இழுத்துப் பாருங்கள். அந்தப் பொத்தான் யந்திரத்தை நிறுத்துவது எப்படியென்றால், பொறியாக வேண்டிய மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிட்டு வீணாக்குவதன் மூலம்தான். உப்புநீர் பொத்தானுக்குள் புகுந்து இரு முனைகளையும் சேர்த்துவிட்டால், யந்திரம் எந்நேரமும் ‘நில்’ என்ற கட்டளையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கீழ்ப்படிவது அதன் குற்றமா? ஒயரைக் கழற்றியதும் பொறி வந்துவிட்டால் பொத்தானை மாற்றினால் போதும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அந்த நிலையில் யந்திரம் கிளம்பிவிட்டால் பொத்தானால் அதை நிறுத்த முடியாது, சோக்கை இழுத்து மூச்சடைக்கச் செய்துதான் நிறுத்த வேண்டும்.

அப்படியும் வரவில்லை என்றால் சக்கரத்துக்கு அடியில் போக வேண்டியதுதான். சக்கரத்தை அதற்குரிய புல்லர் கொண்டே கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் காந்தம் விரிசல் விடும், தண்டும் கெடும். உள்ளே ஒரு ஜதை பாயிண்ட், ஒரு கண்டென்சர், ஒரு காயில். சிலிண்டர் இரண்டானால் ஜதையும் இரண்டு. பாயிண்ட் மூடியிருக்கையில் காயிலின் தடித்த சுற்றில் மின்சாரம் ஓடுகிறது. உரிய தருணத்தில் தண்டின் மேடு பாயிண்டைத் திறக்கவே, ஓட்டம் சட்டென்று அறுபட்டு, அந்த அதிர்ச்சியில் மெல்லிய கம்பியின் ஆயிரக்கணக்கான சுற்றுகளில் பல்லாயிரம் வோல்ட் எழும்புகிறது. கண்டென்சரின் வேலை, அறுபடும் இடத்தில் பாயிண்டிலேயே பொறி பறந்துவிடாமல் தாங்கிக்கொள்வது; பாயிண்டின் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். மழைக்காலம் முழுவதும் கரையில் கிடந்த மோட்டாரில் பெரும்பாலும் இத்தனை விபரீதம் ஒன்றும் இராது. பாயிண்டின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படர்ந்திருக்கும். சுத்தமான கெட்டி அட்டைத் துண்டை இடையில் விட்டு இழுத்தால் உயிர் வந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் மணல் துகளை அங்கேயே விதைத்துவிட்டு வருகிறார்கள். இடைவெளி பல பழைய மாடல்களில் அரை மில்லிமீட்டர். ஆனாலும் அந்தந்த மோட்டாரின் புத்தகத்தைப் பார்த்துவிடுவதே மரியாதை.

கடலில் போகிறவர்களைப் பெரிதும் ஏமாற்றுவது வேறொரு வியாதி. கரையில் பரீட்சித்தால் எல்லாம் சரி. அரை மணி ஓடியதும் யந்திரம் நின்றுவிடும். பீடி ஒன்று புகைத்து முடிக்கிற நேரம் பொறுத்திருந்தால் மறுபடி கிளம்பும். மறுபடி அரை மணியில் நிற்கும். காயிலுக்குள் எங்கோ ஒரு மெல்லிய கம்பி விட்டுப்போயிருக்கிறது, அல்லது மேலுறை வெடித்திருக்கிறது. சூடேறி விரியும்போது தொடர்பு அறுந்து, ஆறியதும் கூடிக்கொள்கிறது. பெட்ரோல் பக்கத்துக் கோளாறும் இதே வேஷம் போடும் என்பதால், நிற்கிற விதத்தைக் கவனிக்க வேண்டும். பெட்ரோல் இல்லாமல் சாகிற யந்திரம் இருமி, தடுமாறி, ஒருமுறை வேகமெடுத்துப் பிறகு சாகும். பொறி இல்லாமல் சாகிற யந்திரம், விளக்கை அணைத்தது போல, ஒரே நொடியில் சாகும். இந்த இலட்சணம் மருத்துவர்களின் நாடி சாஸ்திரத்தைப் போல எப்போதும் பலிக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், பெரும்பாலும் பலிக்கும்.

1970-களிலிருந்து பாயிண்டும் கண்டென்சரும் மெல்ல மறைந்து, அவற்றின் ஸ்தானத்தில் சி.டி.ஐ. என்ற கறுப்புப் பெட்டி வந்து அமர்ந்தது. சக்கரத்தின் கீழுள்ள ஒரு காயில், சில நூறு வோல்ட் மின்சாரத்தை அந்தப் பெட்டிக்குள் சேமிக்க, இன்னொரு சிறு காயில் சமயம் பார்த்துச் சைகை காட்ட, பெட்டி அதைப் பொறிக் காயிலுக்குள் கொட்டுகிறது. பெட்டி முழுவதும் பிசின் ஊற்றி உறைய வைத்திருப்பதால் உள்ளே பார்க்கவும் முடியாது, பழுது பார்க்கவும் முடியாது, விலையோ அதிகம். தெரியாத பொருளின் மேல் பழி போடுவது மனித சுபாவம் ஆதலால், முதலில் வாங்கப்படுவதும் அதுவே. இரண்டு சிலிண்டர் மோட்டாரில் ஒன்று மட்டும் செத்திருந்தால் செலவில்லாத ஓர் உபாயம் உண்டு. இரண்டு சிலிண்டருக்கும் உரிய பொறிக் காயில்களை இடம் மாற்றிப் பாருங்கள். வியாதியும் காயிலோடு கூடவே மற்ற சிலிண்டருக்குப் போனால், காயிலே குற்றவாளி. பழைய இடத்திலேயே தங்கினால், காயிலை விடுதலை செய்துவிட்டு மேற்கொண்டு விசாரிக்கலாம்.

பேட்டரி சார்ஜ் ஆகாமல் போவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் வேகமாக ஓடும்போது பேட்டரியில் பதினாலு வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் நலம். ஓடாதபோது காட்டிய அளவே காட்டினால், சக்கரத்தடியில் பிறக்கும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபையர் போயிருக்கக்கூடும். அது பெரும்பாலும் போவது, எவராவது பேட்டரியை இருட்டில் தலைமாற்றி மாட்டிய அன்றைக்குத்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்கும் என்பதை மட்டும் நினைவில் இருத்திக்கொண்டு, அங்கே காற்றாடவிட்ட பிறகே, பொறி பறக்கக்கூடிய கிளாம்பில் கை வைக்க வேண்டும். உள்பொருத்து யந்திரங்களுக்குக் கார்க் கடைச் செல்ஃபை வாங்கி மாட்டுபவர்களும் இதையே நினைக்க வேண்டும். படகுக்கென்று செய்த செல்ஃப், தன் பொறி வெளியே ஆவியைத் தீண்டாதபடி மூடப்பட்டது.

நண்பரின் வீட்டுக்கு நான் போயிருந்த சமயத்தில்தான் ஒரு வயதான மெக்கானிக் வந்தார். பையிலிருந்து மீட்டரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வைத்தார். மறு முனையை யந்திரத்தின் மொட்டை உலோகத்தில் அழுத்திக்கொண்டு, “சாவியைத் திருப்புங்க சார்” என்றார். ‘டிக்’. மீட்டர் நான்கு வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

“அப்போ பேட்டரி, அண்ணே?” என்று நண்பர் ஈனஸ்வரத்தில் கேட்டார்.

“பேட்டரி பாவம் என்ன செய்யும் சார்? எர்த்து செத்துக் கிடக்கு.”

எர்த் ஒயர் முடியும் போல்ட்டைக் கழற்றினார். முன்பு எவரோ மோட்டாருக்கு அழகாகப் பெயிண்ட் அடித்தபோது, அந்த இடத்துக்கும் சேர்த்து அடித்துவிட்டு, பெயிண்டின் மேலேயே ஒயரை முடுக்கியிருந்தார். போல்ட்டின் புரிகள் வழியாக மட்டும் மின்சாரம் இத்தனை நாள் ஊர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. அதையும் உப்பு அரித்துவிட்டது. ஒவ்வொரு முறை புதுப் பேட்டரி மாட்டும்போதும் ஒயர் சற்று அசைந்து, புதிதாக ஓர் இடத்தில் தொட்டுக்கொண்டதனால்தான் இரண்டு வாரம் ஓடியிருக்கிறது. மெக்கானிக் பெயிண்டை உலோகம் தெரியச் சுரண்டினார். ஒயரின் நுனியை ஒரு சாண் வெட்டி எறிந்து, புதிய வளையம் கவ்வி, முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். சாவியைத் திருப்பியதும் யந்திரம் எழுந்தது. கூலியாக அவர் கேட்ட தொகை, நண்பர் வாங்கிய பேட்டரிகளின் விலைக்கு முன்னால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

முதலில் வாங்கிய பேட்டரி இப்போது நண்பரின் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. மின்வெட்டு வரும் இரவுகளில் அதிலிருந்து ஒரு சிறு விளக்கு எரிகிறது. எலுமிச்சம்பழம் சுற்றியதன் பலன் அது என்று அவர் மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறார்.